பலாலியில் இருந்து திருச்சிக்கு எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பு கிட்டவா, திருச்சி கிட்டவா? பக்கத்தில இருக்கிற ஆரையாவது கேட்டுப் பாருங்கோ. கனபேர் யோசிக்காமல் கொழும்பு எண்டுதான் சொல்லுவினம். கொழும்பு ஒரே நாட்டுக்குள்ள, இரவு பஸ் ஏறினால் விடியப் போய் இறங்கலாம். திருச்சி வேற நாடு. கடல் வேற குறுக்க கிடக்கு.

வரைபடத்தை எடுத்து அளந்தால் விடை மாறுது. பலாலி விமான நிலையத்தில இருந்து இரத்மலானை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். பலாலியில இருந்து திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 183 கிலோமீற்றர். பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. சென்னை 355 கிலோமீற்றர். அதாவது சென்னையும் கொழும்பும் எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே தூரம்.

இதில நேர்கோடு எண்டு சொல்லுறது, புவியியல் படிக்கிற ஆக்களுக்குத் தெரிஞ்ச பெருவட்டத் தூரம். உருண்டையான பூமியில ரெண்டு புள்ளிக்கு இடையில உள்ள மிகக் குறுகிய பாதை. அகலாங்கும் நெட்டாங்கும் கையில இருந்தால் ஒரு சூத்திரத்தைப் போட்டு எவரும் கணக்குப் பார்க்கலாம். அந்தக் கணக்கு 1947இலும் இதேதான், 1990இலும் இதேதான், இண்டைக்கும் இதேதான். மாறினது பயண நேரம். நாங்கள் இந்தக் கட்டுரையில பார்க்கப்போறது அந்த நேரத்தின்ர வரலாற்றை.

கோட்டின் நடுவில் ஒரு ஊர்

கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை மூண்டையும் வரைபடத்தில பாருங்கோ. மூண்டும் கிட்டத்தட்ட ஒரே நெட்டாங்கில கிடக்கு. இரத்மலானை 79.9 பாகை கிழக்கு, பலாலி 80.1, சென்னை 80.2. ஒரு அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறினால் மூண்டும் அதில விழும். பலாலி அந்தக் கோட்டின்ர நடுவுக்குக் கிட்ட.

இலங்கையில வான்பயணம் தொடங்கினதே இந்தத் திசையில இருந்துதான். 1935 நவம்பர் 27 இரத்மலானையில முதலாவது விமானம் இறங்கினது. அது மதராஸ் பறத்தல் கழகத்தில இருந்து வந்த ஒரு சின்ன விமானம். 1938இல் டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமான சேவை திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீட்டப்பட்டது. ஐரோப்பாவில இருந்து கராச்சிக்கு வந்த கடிதங்கள் அந்த வழியாலதான் தெற்க வந்து சேர்ந்தது.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படைக்காகப் போடப்பட்டது. அப்ப அதுக்குக் காங்கேசன்துறை எண்டுதான் பேர். போர் முடிஞ்சு ரெண்டு வருசத்தில, 1947 டிசம்பர் 10, புதிதாகத் தொடங்கின ஏயார் சிலோன் தன்ர முதலாவது சேவையைப் பறந்தது. எங்க இருந்து எங்க? இரத்மலானையில இருந்து காங்கேசன்துறை வழியாக மதராஸ். விமானம் டகோட்டா எண்டு சொல்லுற டிசி-3. ஏயார் சிலோன் தன்ர முதல் டகோட்டாக்களில ஒண்டுக்குச் சீதாதேவி எண்டு பேர் வைச்சிருந்தது. இராமர் கதையில கடல் தாண்டின ஒருத்தியின்ர பேர், பாக்குநீரிணையைத் தாண்டிற பிளேனுக்கு.

நாடு சுதந்திரம் அடைய இன்னும் ரெண்டு மாதம் இருக்கேக்க, இந்த நாட்டின்ர தேசிய விமான சேவையின்ர முதல் பறப்பு யாழ்ப்பாணத்தில தரிச்சுப் போயிருக்குது. வழியில இருந்தபடியால்தான் தரிச்சது. அந்தக் காலத்து வான்பயணத்துக்கு யாழ்ப்பாணம் நாட்டின்ர கடைசி முனையாக இருக்கேல்லை. ரெண்டு பெரிய நகரங்களுக்கு இடையில ஒரு தரிப்பிடமாக இருந்தது.

டகோட்டா மணித்தியாலத்துக்கு 270 தொடக்கம் 300 கிலோமீற்றர் வேகத்தில பறக்கிற விமானம். அப்படியெண்டால் கொழும்பில இருந்து யாழ்ப்பாணம் ஒரு மணித்தியாலம் சொச்சம், அங்கயிருந்து மதராஸ் இன்னொரு மணித்தியாலம் சொச்சம். வயது போன ஆக்களோட கதைச்சால், கூறைச்சீலை எடுக்க, வைத்தியம் பார்க்க, கச்சேரி கேட்க மதராஸ் போய் வந்த கதை சொல்லுவினம். வசதியான ஆக்களின்ர கதைதான் அது. மற்றச் சனம் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினது. 1914இல் தொடங்கின தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பலும் ரெண்டு பக்க ரயிலும் சேர்ந்துதான் ஏழையளுக்கான வழி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிச்ச பிறகும், 1980களின் தொடக்கம் வரைக்கும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடினது. எது எப்படியெண்டாலும், ஒரு வழி இருந்தது.

கதவுகள் சாத்தப்பட்ட காலம்

1978 செப்டம்பர் 7, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள். அண்டைக்கு இரத்மலானையில நிண்ட ஏயார் சிலோனின் அவ்ரோ விமானம் ஒண்டு குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. ஒருவரும் சாகேல்லை. அடுத்த வருசம் ஏயார் சிலோனின்ர இடத்துக்கு எயார் லங்கா வந்தது. அதுக்குப் பிறகு நாற்பது வருசம் யாழ்ப்பாணத்தில இருந்து இந்தியாவுக்கு ஒரு பயணிகள் விமானமும் கிளம்பேல்லை. போர் தொடங்க, பலாலி முழு இராணுவத் தளமாகிட்டுது.

வானம் மூடினது சனத்துக்குத்தான். 1987 யூன் 4, பெங்களூரில இருந்து கிளம்பின 5 இந்திய அன்ரனோவ்-32 விமானங்கள் போர் விமானங்களின்ர காவலோட வந்து யாழ்ப்பாணத்துக்கு மேல 25 தொன் நிவாரணப் பொருட்களைப் போட்டுவிட்டுப் போனது. யூலை 30 இந்திய அமைதிப்படை பலாலியில வந்து இறங்கினது. இந்தியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில உள்ள அந்தச் சின்னத் தூரம் படைகளுக்கு எப்பவும் சின்னத் தூரமாகவே இருந்தது. அதே வருசங்களில எங்கட ஆக்கள் அதைத் தாண்டினது இரவில, மீன்பிடி வள்ளங்களில, அகதிகளாக. வல்வெட்டித்துறையில இருந்து கோடிக்கரை 60 கிலோமீற்றர் சொச்சம். அந்தத் தூரத்தில எத்தனை பேர் கரை சேரேல்லை எண்ட கணக்கு எந்தப் பாடப்புத்தகத்திலயும் இல்லை.

1990 யூன் மாதம் யாழ்தேவி நிண்டுபோச்சுது. தரைவழியும் அடைபட்டது. யாழ்ப்பாணம் புலிகளின் கட்டுப்பாட்டில இருந்த 1990 தொடக்கம் 1995 வரைக்கும் வெளியில வரவேணும் எண்டால் முதலில அவையளின்ர பாஸ் எடுக்கவேணும். பிறகு கிளாலிக் கடல்நீரேரியை இரவில வள்ளத்தில தாண்டவேணும், நேவியின்ர சூட்டுக்குத் தப்பவேணும். 1996க்குப் பிறகு ஆமியின்ர அனுமதி. ஆட்சி மாறினாலும், வெளிக்கிடுறதுக்கு ஆரிட்டயோ கையெழுத்து வாங்கிற நிலைமை மாறேல்லை.

ஒரு ஊரின்ர தூரத்தை உண்மையில அளக்கிறது இந்தக் கையெழுத்துத்தான் எண்டு எங்களுக்குத் தோணுது. 330 கிலோமீற்றர் பறக்க ஒரு மணித்தியாலம் காணும். பறக்கலாம் எண்டு ஒரு துண்டு கிடைக்க வாரக்கணக்கில காத்திருக்கவேணும். அப்ப பயண நேரம் ஒரு மணித்தியாலமா, வாரக்கணக்கா?

ஒரு மணித்தியாலத்தின் விலை

1990களின் நடுப்பகுதியில யாழ்ப்பாணத்துக்கும் இரத்மலானைக்கும் இடையில தனியார் விமான சேவைகள் தொடங்கினது. தரைவழி இல்லாதபடியால் சனம் அதை நம்பித்தான் இருந்தது. ஆனால் அந்த வானமும் சண்டைக்களம்தான். 1995 ஏப்ரல் 28, 29 எண்டு அடுத்தடுத்த ரெண்டு நாளில, விமானப் படையின்ர ரெண்டு அவ்ரோ விமானங்கள் பலாலிக்குக் கிட்ட ஏவுகணையால சுட்டு விழுத்தப்பட்டன.

1998 செப்டம்பர் 29, லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ்-24 விமானம் பலாலியில இருந்து இரத்மலானைக்குக் கிளம்பினது. 48 பயணிகள், 7 பணியாளர்கள். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில தொடர்பு அறுந்தது. மன்னாருக்கு வடக்க, இரணைதீவுப் பக்கக் கடலில விழுந்த விமானத்தில ஒருவரும் மிஞ்சேல்லை. ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது எண்டும், வீழ்த்தினது புலிகள் எண்டுமே பதிவாகியிருக்கு. பயணிகள் பெரும்பாலும் தமிழ்ப் பொதுமக்கள். சிதைவுகளை 2012இலதான் கடலுக்கு அடியில கண்டுபிடிச்சினம். 2014 தொடக்கத்தில, கடலில இருந்து எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் யாழ்ப்பாணத்தில வைச்சு, வந்து அடையாளம் காட்டச் சொல்லி உறவினர்களைக் கூப்பிட்டினம். ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு வெளிக்கிட்ட ஆக்களின்ர உடுப்பு பதினைஞ்சு வருசம் கழிச்சு வீட்டுக்காரரிட்ட வந்து சேர்ந்தது.

2002 ஏப்ரலில ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில திரும்ப மூடினது. பிறகும் விமானம், இல்லாட்டித் திருகோணமலைக்குக் கப்பல். ரெண்டுக்கும் ஆமியின்ர அனுமதி வேணும். எங்களில கனபேர் அந்த வருசங்களுக்குக் கிட்டத்தான் பிறந்தனாங்கள். எங்களுக்கு ஞாபகம் இல்லாத, ஆனால் வீட்டில எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற காலம் அது.

இந்தியாவுக்குப் போறது எண்டால் கதை இன்னும் நீளும். விசாவுக்கு விண்ணப்பிக்கக் கொழும்பு போகவேணும். யாழ்ப்பாணத்தில இந்தியத் துணைத் தூதரகம் திறந்தது 2010 நவம்பரிலதான். கொழும்பில தங்க லொட்ஜ், லொட்ஜில தங்கப் பொலிஸ் பதிவு. 2007 யூன் 7 விடியப்புறம், கொழும்பு லொட்ஜுகளில இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ் ஆக்களைப் பொலிஸ் எழுப்பி பஸ்ஸில ஏத்தி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதால்தான் அது நிண்டது. 183 கிலோமீற்றர் தள்ளியிருக்கிற ஒரு ஊருக்குப் போக, எதிர்த்திசையில 400 கிலோமீற்றர் போய் நிண்டவையும் அந்த லொட்ஜுகளில இருந்திருப்பினம்.

கணக்கைக் கூட்டிப் பார்ப்பம்

2019 ஒக்டோபர் 17 பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. அண்டைக்குச் சென்னையில இருந்து அலையன்ஸ் எயாரின் ஏ.டி.ஆர். 72 வந்து இறங்கினது. நவம்பரில ஒழுங்கான சேவை தொடங்கி, 2020 மார்ச்சில கொரோனாவால நிண்டு, 2022 டிசம்பர் 12 திரும்பத் தொடங்கினது. 2024 செப்டம்பரில இண்டிகோ சென்னைச் சேவையில சேர்ந்தது. 2025 மார்ச் 30 திருச்சி - யாழ்ப்பாணம் சேவையும் வந்தது.

இப்ப கணக்கைப் பார்ப்பம். ஏ.டி.ஆர். 72 மணித்தியாலத்துக்கு 500 கிலோமீற்றர் அளவில பறக்கிற, காற்றாடி வைச்ச விமானம். 183 கிலோமீற்றரை 500ஆல் பிரித்தால் 22 நிமிசம். ஆனால் அட்டவணையில ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கும். மிச்ச நேரம் எங்க போகுது?

விமான நிறுவனங்கள் நேரத்தை எண்ணுறது, விமானம் தரிப்பிடத்தில இருந்து நகரத் தொடங்கி மற்ற ஊரில தரிப்பிடத்தில நிற்கும்வரை. ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போகவேணும். ஏறேக்கயும் இறங்கேக்கயும் முழு வேகம் இல்லை. ஓடுபாதைக்கு நேராக வரச் சுத்தவேணும். காற்றுக்கும் தாமதத்துக்கும் எண்டு கொஞ்ச நேரம் கூட்டிப் போடுவினம். நீண்ட பயணத்தில இதெல்லாம் தெரியாது. 183 கிலோமீற்றரில, பறக்கிற நேரத்தைவிட இந்தச் சில்லறை நேரம்தான் கூட. சென்னைக்கு ஒண்டேகால் மணித்தியாலம் அளவில எடுக்கிறதும் இதாலதான்.

அதே 183 கிலோமீற்றரை 1947இன் டகோட்டா பறந்திருந்தால் 38 நிமிசம் அளவில முடிஞ்சிருக்கும். அதாவது எழுபது, எண்பது வருச விமானத் தொழில்நுட்ப வளர்ச்சி இந்தப் பாதையில மிச்சம் பிடிச்சுத் தந்தது கால் மணித்தியாலம்!

இனி மற்றப் பக்கக் கணக்கு. நேரடிச் சேவை இல்லாத காலத்தில திருச்சி போறது எண்டால் முதலில கட்டுநாயக்க. தரைவழி ஏறக்குறைய 370 கிலோமீற்றர். அங்கயிருந்து திருச்சி வானில 417 கிலோமீற்றர். மொத்தம் 787. நேரடித் தூரத்தின்ர நாலு மடங்குக்கும் மேல. பஸ்ஸில எட்டு மணித்தியாலம், விமான நிலையத்தில மூண்டு மணித்தியாலம், பறக்க ஒண்டு. எல்லாம் சரியாப் போனாலே பன்னிரண்டு மணித்தியாலம். இப்ப யாழ்ப்பாண நகரத்தில இருந்து பலாலிக்கு அரை மணித்தியாலம், காத்திருக்க மூண்டு, பறக்க ஒண்டு. நாலரை மணித்தியாலத்தில திருச்சி.

ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. விமானம் வேகமானதால மிச்சமானது கால் மணித்தியாலம். வழி மூடிக் கிடந்ததால கூடினது ஏழெட்டு மணித்தியாலம், அதுவும் போர் இல்லாத நல்ல நாளில. எங்கட பயண நேரத்தைத் தீர்மானிச்சது எஞ்சின் இல்லை, அரசியல்தான் எண்டதுக்கு இதைவிடச் சுருக்கமான கணக்கு எங்களுக்குத் தெரியேல்லை.

இப்ப இருக்கிற சேவையிலயும் எல்லை உண்டு. ஓடுபாதை நீளம் காணாதபடியால் பெரிய ஜெட் விமானங்கள் இங்க இறங்குறேல்லை. எழுபது சொச்சம் பேரைக் கொண்டுபோற ஏ.டி.ஆர்தான். ரிக்கெற் விலை எல்லாருக்கும் கட்டாது. 2023 ஒக்டோபரில தொடங்கி, நிண்டு, 2024 ஓகஸ்டில திரும்பத் தொடங்கின நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் அந்த 110 கிலோமீற்றர் அளவை நாலு மணித்தியாலத்தில கடக்குது. தலைமன்னார்க் கப்பலை நம்பி இருந்த ஆக்களின்ர இடத்தில இண்டைக்கு இருக்கிறவைக்கு அதுதான் ஓரளவு கைக்கெட்டின வழி.

ஓடுபாதைக்குப் பக்கத்தில்

இந்தக் கதையைத் திருச்சியோட முடிச்சால் நல்லா இருக்கும். ஆனால் பலாலியைப் பற்றி எழுதிப்போட்டு, அந்த ஊர்க்காரரை விட்டுட்டுப் போறது நியாயம் இல்லை.

1990 யூனில வலிகாமம் வடக்குச் சனம் கையில அகப்பட்டதோட வெளிக்கிட்டது. பலாலி, வசாவிளான், மயிலிட்டி, காங்கேசன்துறை, இன்னும் கன ஊர். பிறகு அந்த மண் உயர் பாதுகாப்பு வலயம் ஆகிட்டுது. போர் முடிஞ்ச பிறகு துண்டு துண்டாக விடுவிச்சினம். எல்லாம் விடுபடேல்லை. நலன்புரி முகாமில பிறந்து, அங்கயே படிச்சு, தன்ர ஊரை வேலிக்கு வெளியில நிண்டு பார்த்த பிள்ளையள் எங்கட வயசுக்காரர்தான்.

2025 ஏப்ரல் 10 வசாவிளான் - பலாலி வீதி 35 வருசத்துக்குப் பிறகு திறந்தது. திறக்கேக்க போட்ட நிபந்தனைகளில சில: காலமை 6 மணியில இருந்து பின்னேரம் 5 மணி வரைக்கும்தான், நடந்து போகேலாது, இடையில நிற்பாட்டேலாது, படம் எடுக்கேலாது. அதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னம்தான் திருச்சி விமானம் வந்து இறங்கியிருந்தது. திருச்சியில இருந்து வந்த பயணி 183 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்தில தாண்டி, இறங்கி, வெளியில நிண்டு படமும் எடுக்கலாம். அந்த ஓடுபாதைக்குக் கிட்ட காணி உறுதி வைச்சிருக்கிற ஒருத்தர், முகாமில இருந்து சில கிலோமீற்றர் தூரத்தை 35 வருசமாகத் தாண்டேல்லை. வேலிக்கு அங்கால காணி இருக்கிறவர் இன்னும் தாண்டேல்லை.

ஓடுபாதையை நீட்டவேணும் எண்ட கதை இப்ப அடிக்கடி வருது. பெரிய விமானம் வரவேணும், கூடின ஊர்களுக்குப் பறக்கவேணும் எண்டு நாங்களும் விரும்பிறம். யாழ்ப்பாணம் திரும்பவும் ஒரு வழித்தரிப்பாக வேணும். ஆனால் நீட்டுறதுக்குக் காணி வேணும், அந்தக் காணிக்கு ஆக்கள் இருக்கினம். அபிவிருத்தி எண்ட சொல்லைக் கேட்ட உடன, கிட்டவாகிறது ஆருக்கு, தூரமாகிறது ஆருக்கு எண்டு கேட்கிறதுக்கு நாங்கள் பழகவேணும். காணிக்காரரோட கதைச்சு, எடுக்கிறதுக்கு நியாயமான ஈடு குடுத்து, தேவையில்லாமல் பிடிச்சு வைச்சிருக்கிறதைத் திருப்பிக் குடுத்துவிட்டு ஓடுபாதையை நீட்டட்டும். விமான நிலையமும் ஊரும் பக்கத்தில பக்கத்தில இருக்கலாம். உலகத்தில கன இடத்தில அப்படித்தான் இருக்கு.

அடுத்த முறை ஆராவது "இங்கயிருந்து திருச்சிக்கு எவ்வளவு நேரம்?" எண்டு கேட்டால், ஒரு மணித்தியாலம் எண்டு சொல்லுங்கோ. நேரம் இருந்தால், அந்த ஒரு மணித்தியாலம் வந்து சேர நாற்பது வருசம் எடுத்தது எண்டதையும் சொல்லுங்கோ. இன்னும் நேரம் இருந்தால், பலாலிக்காரர் ஒருவரிட்ட அவரின்ர வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு ரெண்டு பேருமாப் போய்க் கேளுங்கோ.